தோற்றவனும் நம்பும் நீதி



வழக்குகள் முடிவுற்று மக்கள் கலைந்து செல்லும் வேளையிலே, நம் ஊர் நீதிமன்றம் ஒன்றின் வாயிலில் சற்று நேரம் நின்று பாருங்கள். வேலி வழக்கு, ஒழுங்கை வழக்கு, கிணற்றுப் பங்கு வழக்கு என ஆண்டுக்கணக்காக நடந்த ஒன்றிற்கு அன்று தீர்ப்புக் கிடைத்திருக்கும். வென்றவன் தன் சட்டத்தரணியின் கைகளைப் பற்றி நன்றி கூறிக்கொண்டிருப்பான். அவனை விட்டுவிடுவோம். தோற்றவனைப் பார்ப்போம். மரநிழலிலே சால்வையால் முகத்தைத் துடைத்தபடி நிற்கும் அம்மனிதன் இரண்டில் ஒன்றைச் சொல்லுவான். "என் பக்கம் சொல்லவேண்டியதையெல்லாம் கேட்டார்கள். சட்டம் எனக்கு இடங்கொடுக்கவில்லை" என்பான். அல்லது, "இது நேற்றே முடிந்த காரியம்" என்பான்.

இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரமே ஒரு நாட்டின் நீதித்துறையினுடைய மானம். வென்றவனின் நம்பிக்கையைப் பெறுவதற்கு நீதிபதி ஏதும் செய்யவேண்டுவதில்லை. தோற்றவனின் நம்பிக்கையைக் காப்பதற்கே அவர் தம் வாழ்நாளெல்லாம் சில கட்டுப்பாடுகளைச் சுமக்கவேண்டியிருக்கின்றது. ஆசனத்தில் இருக்கும்போதும், அதைவிட்டு இறங்கி வீடு திரும்பிய பின்னும் அவரைப் பிணிக்கின்ற அவ்வொழுக்க விதிகளைப் பற்றியே இன்று உங்களுடன் சில கருத்துக்களைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நடுவுநிலைமை என்னும் பண்பு தமிழருக்குப் புதியதன்று. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் ஒன்று வகுத்து, துலாக்கோலை உவமையாகக் காட்டினார். சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ, எதிர்ப்பக்கம் கேளாது பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் நம்பித் தண்டனை விதித்தான். தன் பிழையை உணர்ந்தவுடன் அரியணையிலேயே உயிர் நீத்தான். இவை யாவரும் அறிந்தவை. ஆயின், கரிகாலனைப் பற்றி வழங்கும் கதையொன்று இன்றைய பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. முதியோர் இருவர் தம் வழக்கைக் கொண்டு வந்தனர். அரசன் இளைஞனாய் இருத்தலைக் கண்டு, "இச்சிறுவனா நம் வழக்கைத் தீர்ப்பான்?" என ஐயுற்றனர். கரிகாலன் சினங்கொள்ளவில்லை. நரைமுடி பூண்டு முதியவன் கோலத்தில் வந்து அமர்ந்து, வழக்கைக் கேட்டு, அவர்கள் ஏற்கும்படி தீர்ப்பளித்தானாம். இளமைக் கோலத்திலும் அவன் அதே தீர்ப்பையே அளித்திருப்பான். எனினும், கேட்போர் நம்பாத தீர்ப்பு பாதித் தீர்ப்பே என்பதை அவன் உணர்ந்திருந்தான். அறிவு அவனுடையது, ஐயமோ அவர்களுடையது. அவ்வையத்தை நீக்குவதும் தன் கடமையே என அவன் கருதினான்.

இனி, இவ்வொழுக்கம் எழுத்து வடிவம் பெற்ற வரலாற்றிற்கு வருவோம். நம் நாட்டு நீதிமுறையின் பெரும்பகுதி ஆங்கிலேயர் வழியாக வந்தது. ஆதலால் அவர்களுடைய நாட்டிலே, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இருவரை நோக்குவது பொருந்தும்.

முதல்வர் பிரான்சிஸ் பேக்கன். பேரறிஞர், நீதிபதியின் கடமை எதுவென்பது பற்றித் தாமே அரிய கட்டுரையொன்று எழுதியவர், 1618இல் இங்கிலாந்தின் பிரபு சான்சலர் ஆனவர். மூன்றாண்டுகள் கழிந்தபின், 1621இல், வழக்காளிகளிடம் பொருள் பெற்றார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் எழுந்தது. அவர் அதனை ஒப்புக்கொண்டார். நாற்பதினாயிரம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது; இலண்டன் கோபுரச் சிறையில் சில நாள் இருந்தார்; பதவியையும் இழந்தார். இதிலே நாம் கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பொருள் கொடுத்தவர்களில் சிலருக்கு எதிராகவே அவர் தீர்ப்பளித்திருந்தார். முறையிட்டவர்களும் அவர்களே. கைப்பொருள் தம் தீர்ப்பைத் திரிக்கவில்லை என்றே பேக்கன் கருதினார். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அதனால் யாருக்கு என்ன பயன்? கொடுத்துத் தோற்றவன் ஏமாற்றப்பட்டான். கொடாமல் தோற்றவன், கொடாததனாலேயே தோற்றேன் என எண்ணினான். தீர்ப்பு நேராயிருந்தும் நீதி வளைந்து போயிற்று.

இரண்டாமவர் மத்தியூ ஹேல். 1671 முதல் 1676 வரை இங்கிலாந்தின் பிரதம நீதியரசராய் இருந்தவர். இவர் தமக்கென 18 விதிகளை எழுதி வைத்துக்கொண்டார். எவரும் கேட்டு எழுதியவை அல்ல. தம்மைத் தாமே காப்பதற்கு எழுதியவை. இரு திறத்தாரையும் முற்றக் கேட்குமுன் எம்முடிவையும் மனத்திற் கொள்ளாதிருத்தல். ஏழையென்று இரங்கியோ செல்வனென்று தயங்கியோ நிறைகோலைச் சாய்க்காதிருத்தல். அரசவையின் பாராட்டையும் வீதியின் பாராட்டையும் ஒருசேரப் புறக்கணித்தல். குற்றவியல் வழக்கில் இரு தட்டும் ஒத்து நிற்குமாயின் விடுதலையின் பக்கமே சாய்தல் என்பன அவற்றுட் சில. இவை ஆசனத்தில் இருக்கும்போது ஒழுகுவதற்கு உரியவை.

ஆசனத்தை விட்டு இறங்கிய பின்னும் அவ்விதிகள் அவரை விடவில்லை. எந்த வழக்கைப் பற்றியும் தனிமையில் வந்து பேசுவோரை வெறுத்து ஒதுக்குதல். தம் பணியாளரும் எவருக்காகவும் பரிந்து பேசாமலும், உரிய கட்டணத்திற்கு மேல் பெறாமலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளல். அலுவலுக்குத் தகுதியாய் இருக்கும்பொருட்டு உணவையும் அளவோடு கொள்ளல் என்பனவும் அப்பட்டியலில் உள. உண்ணும் சோற்றுக்கும் உரைக்கும் தீர்ப்புக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் நகைக்கலாம். பகலுணவின்பின் உறங்கி வழிகின்ற நீதிபதியின் முன் தன் வாழ்வைக் கொண்டுவந்து நிறுத்திய வழக்காளியைக் கேட்டால், தொடர்பு என்னவென்று அவன் சொல்லுவான்.

ஹேலைப் பற்றி அவருடைய வரலாறு எழுதியோர் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வழக்குள்ள ஒருவர் அவருடைய சமையலறைக்கு மான் இறைச்சி அனுப்பியிருந்தார். அவ்வட்டாரத்துக்கு வரும் நீதிபதிகளுக்கெல்லாம் அவ்வாறு அனுப்புவது அவருடைய வழக்கமாம். ஹேல், "அதன் விலையைப் பெற்றுக்கொண்டாலன்றி உம்முடைய வழக்கைக் கேளேன்" என்றார். அவரோ பெற மறுத்து, தம் வழக்கையே மீட்டுக்கொண்டு போனார். மிகையான கடுமை எனத் தோன்றலாம். ஆயினும், அன்று எதிர்த்தரப்பில் நின்றவன் இச்செய்தியைக் கேட்டபோது அவன் நெஞ்சில் என்ன எழுந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இதே ஹேல், 1662இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரிலே, சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு பெண்களின் வழக்கிலே தலைமை வகித்தார். அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கைந்நீட்டாதவர், பாரபட்சம் இல்லாதவர், ஆயினும் தம் காலத்தின் மூடநம்பிக்கையை ஐயுறாதவர். கைகள் தூயனவாய் இருத்தல் மட்டும் போதாது. தம் மனத்தில் வேரூன்றிய எண்ணங்களையும் நீதிபதி விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்பதை அவ்விரு பெண்களின் முடிவு நமக்கு உணர்த்துகின்றது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற நேயர்கள் அனுமதிப்பார்களாக. பள்ளிக்கூட அதிபர் ஒருவரும் நாள்தோறும் சிறு வழக்குகளைத் தீர்ப்பவரே. பல ஆண்டுகளுக்கு முன் நான் கடமையாற்றிய ஒரு பாடசாலையில் மாணவர் இருவர் சண்டையிட்டனர். ஒருவனுக்குத் தலையிற் காயம். நான் மறுநாள் விசாரித்தேன். சாட்சிகள் ஐவரையும் தனித்தனியே கேட்டேன். காயப்பட்டவனே சண்டையைத் தொடங்கியவன் என்பது தெளிவாயிற்று. அவ்வாறே தீர்ப்புக் கூறினேன். மாலையில் அவனுடைய தந்தை வந்தார், வண்டியோட்டிப் பிழைப்பவர். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, நீங்கள் பிழையாகச் சொன்னீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நேற்று இரவு அந்தப் பிள்ளை வீட்டுக் கலியாணத்தில் நீங்கள் பந்தியில் இருந்ததை என்ரை பொடியன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன்" என்றார்.

உண்மைதான். அக்கலியாணத்துக்கு நான் போயிருந்தேன். பல மாதங்களுக்கு முன்னரே அழைத்திருந்தார்கள். அந்த உணவு என் தீர்ப்பில் ஒரு மயிரிழையும் மாற்றம் செய்யவில்லை என நான் இன்றும் அறுதியிட்டுக் கூறுவேன். ஆனால் அதனை அச்சிறுவன் எவ்வாறு அறிவான்? உப அதிபரிடம் அவ்விசாரணையை ஒப்படைக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அந்த எண்ணம் எனக்குத் தோன்றவில்லை; என் நேர்மையில் எனக்கிருந்த நம்பிக்கையே அதனை மறைத்தது. அடுத்த தவணைக்கு அம்மாணவன் பாடசாலைக்கு வரவில்லை. என் நினைவில் அழியாது நிற்கும் தீர்ப்பு அதுவே. அது பிழையான தீர்ப்பு அன்று. ஆனால் அதைச் சொல்லத்தக்கவன் அன்று நானல்லன்.

நான் அன்று அறியாதிருந்ததைச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. 1852இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்பை நீக்கியது. கால்வாய்க் கம்பெனி ஒன்றின் சார்பாக முடிவு கூறிய கொட்டன்ஹாம் பிரபு, அக்கம்பெனியில் பங்கு உடையவராய் இருந்தார் என்பதே காரணம். அவருடைய மனம் அதனால் சிறிதேனும் சாய்ந்திருக்கும் என எவரும் கருதவில்லை என்பதைத் தீர்ப்பை நீக்கியவர்களே வெளிப்படையாகக் கூறினர். ஆயினும் நீக்கினர். ஒருவரும் தம் சொந்த வழக்கிலே தாமே நீதிபதியாதல் ஆகாது என்னும் விதிக்கு ஆளின் பெருமை விலக்கு ஆகாது.

1923இல் மேலும் ஒரு படி உயர்ந்தது இக்கொள்கை. சசெக்ஸ் பகுதியில் மோட்டார் வாகன விபத்து வழக்கு ஒன்று நடந்தது. நீதவான்களின் எழுதுவினைஞர், அவ்விபத்துக்காக நட்டஈடு கோரிய தரப்பின் சட்ட நிறுவனத்தைச் சேர்ந்தவர். நீதவான்கள் ஆலோசிக்கத் தனியறைக்குச் சென்றபோது அவரும் உடன் சென்றார். உள்ளே ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் கதவு மூடியிருந்தது. வெளியே இருந்தவனுக்கு அது எவ்வாறு தெரியும்? பிரதம நீதியரசர் ஹியூவாட் அத்தீர்ப்பை நீக்கினார். நீதி செய்யப்படுதல் மட்டும் போதாது, செய்யப்படுவதாகக் கண்ணுக்குத் தோன்றவும் வேண்டும் என்று உலகெங்கும் இன்று வழங்கும் கொள்கை அவ்வழக்கிலிருந்தே பரவியது.

இக்கொள்கையை மிக உயர்ந்த முறையிலே கைக்கொண்டவர்களுள் நம் நாட்டு நீதியரசர்களும் உளர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். 1962ஆம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 24 பேர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. இதற்கெனவே தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. யூரிமார் இன்றி மூன்று நீதியரசர் விசாரிக்கவும், அம்மூவரை நீதி அமைச்சரே நியமிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. நியமனம் பெற்ற டி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, சிறீஸ்கந்தராசா ஆகிய மூவரும், வழக்கைக் கேட்கத் தமக்கு அதிகாரமில்லை எனத் தீர்த்தார்கள். அமைச்சர் நீதிபதிகளைத் தெரிவு செய்தல் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்றார்கள். அவ்வாறில்லையாயினும், நீதி நடைபெறுவதாகத் தோன்றவேண்டும் என்னும் கோட்பாடு தம்மைத் தடுக்கின்றது என்றார்கள். அம்மூவருடைய நேர்மையை ஐயுற்றவர் எவருமிலர். ஐயுறவேண்டிய நிலையிலே குற்றஞ்சாட்டப்பட்டவனை நிறுத்தலாகாது என அவர்களே கருதினார்கள்.

சட்டம் திருத்தப்பட்டது. நியமிக்கும் பொறுப்பு பிரதம நீதியரசருக்குச் சென்றது. இரண்டாவதாக அமைந்த அமர்வும் நிலைக்கவில்லை. அதிலிருந்த ஒருவர் நீதியரசராகுமுன் அரச சட்டத்துறையில் பணியாற்றியபோது, இவ்வழக்கின் புலனாய்வோடு தொடர்புபட்டிருந்தார். மூன்றாவது அமர்வே விசாரித்து 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவர்களையும் 1965 டிசம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் விடுதலை செய்தது. குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே இயற்றப்பட்ட அச்சட்டம், நீதித்துறைக்குரிய அதிகாரத்தைக் கவர்ந்துகொண்டது என்பது காரணம். ஓர் அரசாங்கத்தின் பெரும் வழக்கிலே, ஆசனத்தில் ஏறுவதைவிட ஆசனத்தினின்று இறங்குவது உயர்ந்த கடமையாகலாம் என்பதைக் கொழும்பு நீதிமன்றம் காட்டியது.

இவ்விதி எத்துணைப் பெரியோரையும் விடாது என்பதற்கு 1998ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. சிலி நாட்டின் முன்னாள் அதிபதி பினோசே பற்றிய வழக்கிலே, பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவருள் மூவர் அவருக்கு எதிராக முடிவு கூறினர். அம்மூவருள் ஒருவரான ஹொஃப்மன் பிரபு, அவ்வழக்கில் வாதாட இடம்பெற்றிருந்த சர்வதேச மன்னிப்புச் சபையின் சார்புத் தரும நிறுவனமொன்றில் ஊதியமின்றித் தலைமைப் பணி ஆற்றியவர். அது நற்பணியே. எனினும் அவர் அதனை முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்நாட்டின் உச்ச நீதிபீடம், தன் தீர்ப்பைத் தானே நீக்கி, வேறு நீதிபதிகளைக் கொண்டு வழக்கை மீண்டும் கேட்டது. பணத்தொடர்பு மட்டுமன்று, நற்பணித் தொடர்பும் சொல்லப்படாதவிடத்து நிழலாகிவிடும்.

இவ்வாறு வழக்குக்கு வழக்கு வளர்ந்த ஒழுக்கத்தை உலகுக்குப் பொதுவான விதிக்கோவையாகத் தொகுக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டவரே. அனைத்துலக நீதிமன்றத்தின் துணைத் தலைவராய் விளங்கிய நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரியின் தலைமையிலே, ஆசிய ஆபிரிக்க நாடுகளின் மூத்த நீதியரசர்கள் கூடினார்கள். 2001 பெப்ரவரியில் பெங்களூரில் வரைவு உருவாயிற்று. பல்வேறு சட்டமரபினரின் கருத்தும் பெற்று, 2002 நவம்பரில் ஹேக் நகரில் அது திருத்தி ஏற்கப்பட்டது. பெங்களூர்க் கோட்பாடுகள் என்பது அதன் பெயர். சுதந்திரம், பாரபட்சமின்மை, நேர்மை, தகவொழுக்கம், சமத்துவம், திறமையும் உழைப்பும் என ஆறு தூண்களின்மேல் அது நிற்கின்றது.

இவற்றுள் தகவொழுக்கம் என்பதே நீதிபதியின் இல்வாழ்வு வரை செல்லுகின்றது. சாதாரண குடிமகன் சுமையெனக் கருதும் கட்டுப்பாடுகளை நீதிபதி மனமுவந்து ஏற்கவேண்டும். தம் நீதிமன்றில் வாதாடும் சட்டத்தரணிகளோடு, விருப்பு வெறுப்பு உண்டென ஐயம் எழத்தக்க நெருக்கம் ஆகாது. தம் வீட்டிலே எந்தச் சட்டத்தரணியும் கட்சிக்காரரைச் சந்திக்க இடங்கொடுத்தல் ஆகாது. அவர் மகனேயாயினும் அவ்வாறே. தம் கடமை தொடர்பாகத் தாமும் குடும்பத்தாரும் பரிசோ கடனோ சலுகையோ கேட்கவும் ஏற்கவும் ஆகாது. பதவியின் பெயரைத் தம் சொந்த நலனுக்குப் பயன்படுத்தல் ஆகாது. இக்காலத்தில் கைப்பேசியில் ஒருவர் இடும் ஒரு சொல்லும் ஒரு படமும் ஊர் முழுதும் பரவுகின்றன. ஆதலின் பழைய காலத்துத் திண்ணைப் பேச்சைவிட இன்று எச்சரிக்கை மிகுதியாக வேண்டும்.

அங்ஙனமாயின் நீதிபதி துறவியாகிவிட வேண்டுமா? அன்று. எழுதலாம், கற்பிக்கலாம், விரிவுரை ஆற்றலாம், நீதிபதிகள் சங்கம் அமைக்கலாம் என அக்கோட்பாடுகளே கூறுகின்றன. சந்தையையும் வயலையும் கடற்கரையையும் அறியாத நீதிபதி, அங்கே உழைப்பவரின் வழக்கை எவ்வாறு விளங்கிக்கொள்வார்? மக்களோடு வாழவேண்டும், எவருக்கும் கடன்பட்டவராய் வாழலாகாது. அதுவே எல்லை. தீர்ப்பைக் காலந்தாழ்த்தாமல் கூறுவதும் இவ்வொழுக்கத்தின் பகுதியே. கைக்கூலி வாங்காதவர் என்னும் நற்பெயர், காரணமின்றித் தீர்ப்பை ஆண்டுக்கணக்காக ஒத்திவைப்பவரைக் காப்பாற்றாது.

இவ்விதிகளைக் காவல் செய்வோர் யார்? நம் நாட்டில் முதல்நிலை நீதிமன்ற நீதிபதிகளின் ஒழுக்கத்தை நீதிச்சேவை ஆணைக்குழு கவனிக்கின்றது. உயர் நீதிமன்ற நீதியரசரை நீக்குவதற்கோ பாராளுமன்றத்தின் தீர்மானமும் சனாதிபதியின் கட்டளையும் வேண்டும். இது எளிதாய் இருத்தலும் தீது. இயலாததாய் இருத்தலும் தீது. எளிதாயின் ஆட்சியாளருக்குப் பிடியாத நீதிபதியே முதலில் வீழ்வார். இயலாதாயின் கெட்ட நீதிபதியும் நிலைத்திருப்பார்.

ஆனால், நேயர்களே, காவல் செய்யவேண்டிய வேறொருவரும் உளர். அவர் நாமே. நம்மில் ஒருவருக்கு வழக்கென்று ஒன்று வந்தவுடன் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? "என் பக்கம் நியாயம் உண்டா?" என்பதா? அன்று. "நீதவானைத் தெரிந்தவர் யாராவது உண்டோ?" என்பதே. மாம்பழக் கூடையோடு வாயிலில் நிற்பவரும் நாமே. தோற்றபின், "நீதி விலைபோயிற்று" எனத் தூற்றுபவரும் நாமே. கதவைத் தட்டும் கை ஓய்ந்தாலன்றோ, கதவுக்கு உள்ளே இருப்பவரின் உறுதி நிலைபெறும்?

வண்டியோட்டிப் பிழைத்த அத்தந்தையின் தாழ்ந்த குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. அவர் என்னிடம் வெற்றி கேட்டு வரவில்லை. தம் மகன் நம்பித் தோற்பதற்கு ஓர் இடம் கேட்டு வந்தார். நீதிபதியின் ஒழுக்க விதிகள் அனைத்தும் அவ்விடத்தைக் காப்பதற்கே எழுந்தவை.